எது காத்திருக்கலாம்? ஸ்விட்சில் டிராஃபிக்குக்கு முன்னுரிமை கொடுப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

[00:00] ஒரு போன் கால்

இன்னைக்கு ஒரு போன் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி பத்தரை மணி. சென்னைப் புறநகரில் ஒரு சின்ன மருத்துவமனை. வார்டில் இருக்கும் நர்ஸ், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் டியூட்டி டாக்டரை உள் லைனில் கூப்பிடுறாங்க. ஒரு ஊசி மருந்தின் அளவு கேக்கணும். டாக்டர் "சீரோ பாயின்ட் ஃபைவ்" என்கிறார். நர்ஸ் காதில் விழுந்தது "ஃபைவ்" மட்டும்தான். பத்து மடங்கு வித்தியாசம்.

நல்லவேளை, அவங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போனில் கேட்ட எந்த அளவையும் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்தாம மருந்தைத் தொடமாட்டாங்க. "ஃபைவ் மில்லிகிராமா சார்?"னு கேட்டாங்க. அந்தப் பக்கம் டாக்டர் பதறிப்போய் திருத்தினார். நோயாளிக்கு ஒண்ணும் ஆகல.

அந்த மருத்துவமனைக்கு நெட்வொர்க் வேலை பாத்துக்கிட்டிருந்தது நான்தான். அதுவும் முதல் புகார் இல்ல. மூணு வாரமா அந்த நர்ஸ் சொல்லிக்கிட்டே இருந்தாங்க: "சார், போனில் வார்த்தை விழுங்குது." நான் போனை ரெண்டு தடவை மாத்தினேன், கேபிளை ஒரு தடவை மாத்தினேன். டாக்டர்கிட்ட கேட்டா, "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார். அதனால எல்லாரும், நானும் சேர்த்துத்தான், கோளாறு அந்தம்மா பக்கம்னு நினைச்சோம்.

டாக்டர் சொன்ன அந்த வார்த்தையிலதான் விடையே இருந்தது. அதுக்கு அப்புறம் வரேன்.

[02:20] ஒரு சதவீதம்கூட வேண்டாம்

முதல்ல அமைப்பைச் சொல்லிடறேன். ரெண்டு கட்டடம். பழைய கட்டடத்தில் வார்டும் சர்வர் அறையும். புதுக் கட்டடத்தில் சிடி ஸ்கேன், டாக்டர்கள் அறை. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு மேனேஜ்ட் ஸ்விட்ச். நடுவில் ஒரு பழைய ஃபைபர் லிங்க், வேகம் 100 மெகாபிட். போன்கள் எல்லாமே ஐபி போன்கள்.

ஒரு கால் எவ்வளவு இடம் எடுக்கும்னு ஒரு கணக்கு போடலாம். ஜி.711 என்ற வழக்கமான கோடெக்கில் போன் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். விநாடிக்கு 50 பாக்கெட். ஈதர்நெட் தலைப்பு எல்லாம் சேர்த்தா ஒரு திசைக்குச் சுமார் 87 கிலோபிட். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்கூட வராது. 100 மெகாபிட் லிங்கில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ.

லிங்கின் கிராஃபைப் பாத்தேன். சராசரி பயன்பாடு 13, 14 சதவீதம். "இவ்வளவு காலியா இருக்கே, நெட்வொர்க் மேல தப்பு இல்ல"னு முடிவு பண்ணிட்டேன். இந்த வேலையில் புதுசா இருக்கிற எல்லாரும் விழுற குழி இது.

ஏன்னா அந்த கிராஃப் 5 நிமிட சராசரி. ஒரு சிடி ஸ்கேன் 500 மெகாபைட்னு வெச்சுக்குங்க. 100 மெகாபிட் லிங்கில் அது போய்ச்சேர 40 விநாடி. அந்த 40 விநாடியும் லிங்க் முழுசா நிரம்பி வழியுது. ஆனா 300 விநாடிக்குச் சராசரி எடுத்தா? 13 சதவீதம்! கிராஃப் சொன்னது பொய் இல்ல. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

[04:40] வரிசை எங்கே நிக்குது?

ஸ்கேன் மெஷின் ஸ்விட்சோட ஒரு ஜிகாபிட்டில் பேசுது. ஸ்விட்ச் அடுத்த கட்டடத்தோட 100 மெகாபிட்டில் பேசுது. பத்து வழிச் சாலையில் வர்ற வண்டிகள் எல்லாம் ஒரு வழிப் பாலத்தில் ஏறணும். மிச்ச வண்டிகள் பாலத்துக்கு முன்னாடி நிக்கும். ஸ்விட்சில் அப்படி நிக்கிற இடத்துக்குப் பேர் பஃபர்.

உதாரணத்துக்கு அந்த பஃபர் 5 லட்சம் பைட்னு வெச்சுக்கலாம். 100 மெகாபிட்டில் அது காலியாக 40 மில்லிவிநாடி ஆகும். காத்திருப்பு அவ்வளவுதான், பேச்சைக் கெடுக்கிற அளவு இல்ல. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள்ள இருந்தா உரையாடல் இயல்பா இருக்கும் என்பது ஐடியூவின் ஜி.114 பரிந்துரை.

சிக்கல் பஃபர் நிரம்பின பிறகுதான். இடம் இல்லைன்னா புதுசா வர்ற பாக்கெட்டை ஸ்விட்ச் தூக்கிப் போட்டுடும். அது ஸ்கேனா, குரலான்னு பாக்காது. ஸ்கேன் டிசிபியில் போகுது. தொலைஞ்சது திரும்ப அனுப்பப்படும், படம் ஒரு புள்ளி குறையாம வந்து சேரும். சொல்லப்போனா, பாக்கெட் தொலையற வரைக்கும் வேகத்தைக் கூட்டிக்கிட்டே போறதுதான் டிசிபியின் வழக்கமான குணம். குரல் யூடிபியில் போகுது. தொலைஞ்சது தொலைஞ்சதுதான். "பாயின்ட்"னு சொல்ல கால் விநாடி ஆகுதுன்னா, அது வெறும் பன்னிரண்டு பாக்கெட். அதில் பாதி போனாலே வார்த்தை போச்சு.

இப்போ டாக்டர் சொன்னதுக்கு வரேன். ஸ்கேன் புதுக் கட்டடத்தில் இருந்து பழைய கட்டடத்து சர்வருக்குப் போகுது. டாக்டரின் குரலும் அதே திசையில் போகுது. நர்ஸின் குரல் எதிர்த் திசையில் வருது, அங்கே சாலை காலி. அதனால டாக்டருக்கு எல்லாம் தெளிவா கேக்கும், நர்ஸுக்கு மட்டும் உடையும். "ஒரு பக்கம் மட்டும் கேக்கல"னு யாராவது சொன்னா, அவங்க போனைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி எந்தத் திசையில் வரிசை நிக்குதுன்னு பாருங்க. இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்.

"லிங்கை ஒரு ஜிகாபிட் ஆக்கிட்டா முடிஞ்சுதே"னு நீங்க கேக்கலாம். ஆமா, செய்யத்தான் வேணும். முன்னுரிமை கொடுக்கிறது புதுசா வேகத்தை உண்டாக்காது. ஆனா ரெண்டு மெஷின் ஒரே நேரத்தில் ஜிகாபிட்டில் அனுப்பினா அப்பவும் வரிசை வரும். தவிர, புது லிங்குக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வர மாசக்கணக்கு ஆகும். நர்ஸ் நாளைக்கு ராத்திரியும் போன் பண்ணுவாங்க.

[07:30] பிரஸ் ஸ்டிக்கர்

சரி, முன்னுரிமை. ஸ்விட்சுக்கு எது குரல், எது ஸ்கேன்னு எப்படித் தெரியும்? பாக்கெட்டில் ஒரு அடையாளம் இருக்கும். ரெண்டு இடத்தில் அதை வைக்கலாம்.

ஒண்ணு, ஈதர்நெட் ஃபிரேமின் வி-லேன் டேகுக்குள்ள 3 பிட். 0 முதல் 7 வரை எட்டுப் படி. இதைத்தான் 802.1பி என்பாங்க. இங்கே ஒரு வேடிக்கை: 1 என்பது 0-ஐ விடக் கீழ. 0 சாதாரணம், 1 பின்னணி வேலை. இது தெரியாம பேக்கப்புக்கு 0, மத்ததுக்கு 1 கொடுத்து மாட்டிக்கிட்டவங்க உண்டு. இன்னொரு விஷயம், டேக் கழன்ற இடத்தில் இந்த அடையாளமும் போயிடும்.

ரெண்டாவது, ஐபி தலைப்புக்குள்ள 6 பிட். பேர் டிஎஸ்சிபி. 64 மதிப்புகள். 1998இல் வந்த ஆர்எஃப்சி 2474 இதை வரையறுத்தது. பாக்கெட் கூடவே ரூட்டர் தாண்டியும் போகும். குரலுக்கு இதில் 46. ஏன் 46? பைனரியில் எழுதினா 101110. முதல் மூணு பிட் 101, அதாவது 5. 802.1பியில் குரலுக்கு வழக்கமா கொடுக்கிற எண்ணும் 5தான், ரெண்டும் ஒத்துப்போகுது. சில போன்களின் மெனுவில் 46க்குப் பதிலா 184 கேக்கும். பயப்படாதீங்க, அது பழைய முறைப்படி முழு பைட்டையும் எழுதுறது. 46-ஐ 4ஆல் பெருக்கினா 184.

ஆனா இந்த அடையாளத்தை யார் வேணா ஒட்டலாம். ரோட்டில் போற எத்தனை பைக்கில் "பிரஸ்" ஸ்டிக்கர் இருக்கு? அத்தனை பேரும் பத்திரிகைக்காரங்களா? ஒரு கம்ப்யூட்டரில் டவுன்லோடு மென்பொருள் தன் பாக்கெட்டுக்கு 46 போட்டுக்கிட்டா, அதுவும் குரல் வரிசையில் நுழைஞ்சிடும். அதனால ஸ்விட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முடிவு எடுக்கணும்: இங்கே வர்ற ஸ்டிக்கரை நம்பணுமா, கிழிச்சு எறியணுமா? இதுக்கு டிரஸ்ட்னு பேர். போனில் இருந்து வந்தா நம்பு. போனுக்குப் பின்னாடி சொருகியிருக்கிற கம்ப்யூட்டரில் இருந்து வந்தா 0 ஆக்கு. ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் போற லிங்கில் நம்பு, ஏன்னா சோதனை ஏற்கெனவே வாசலிலேயே முடிஞ்சுது.

[10:10] நான் பண்ணின தப்பு

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் ராத்திரியே ரெண்டு ஸ்விட்சிலும் க்யூஓஎஸ்-ஐ ஆன் பண்ணினேன். குரலுக்கு முன்னுரிமை வரிசை. சேவ் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. நிலைமை முன்னைவிட மோசம்!

என்ன ஆச்சு? க்யூஓஎஸ்-ஐ ஆன் பண்ணின அந்த நொடியே ஸ்விட்ச் எல்லா போர்ட்டையும் "நம்பாதே" நிலைக்குக் கொண்டுபோயிடுச்சு. போன்கள் அழகா 46 போட்டு அனுப்பினதை எல்லாம் வாசலிலேயே 0 ஆக்கிடுச்சு. முன்னுரிமை வரிசை காலியா கிடந்தது. குரலும் ஸ்கேனும் பழையபடி ஒரே வரிசையில். அதோட, முன்னாடி ஒரே வரிசைக்கு இருந்த பஃபரை இப்போ நாலு வரிசைக்குப் பிரிச்சாச்சு. எல்லாரும் நிக்கிற வரிசைக்கு இடம் குறைஞ்சு போச்சு. அதனால இன்னும் அதிகமா தூக்கிப் போட்டுச்சு.

இது எல்லா ஸ்விட்சிலும் இப்படித்தான்னு இல்ல. சிலது ஆரம்பத்திலேயே டிஎஸ்சிபியை நம்பும், சிலது நம்பாது. சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960 வரிசையில் க்யூஓஎஸ்-ஐ ஆன் பண்ணினா போர்ட்கள் நம்பாத நிலையில்தான் தொடங்கும்னு அவங்க ஆவணத்திலேயே தெளிவா இருக்கு. எந்த ஸ்விட்ச் ஆனாலும் ஆவணத்தைப் படிச்சிட்டுத் தொடணும். நான் படிக்கல. அதைவிடப் பெரிய தப்பு, ஆன் பண்ணின பிறகு கவுண்டரைப் பாக்கல. "எந்த வரிசையில் எத்தனை பாக்கெட் போச்சு, எத்தனை விழுந்தது"னு மேனேஜ்ட் ஸ்விட்ச் பெரும்பாலும் எண்ணி வெச்சிருக்கும். ஒரு கால் போட்டுப் பாத்திருந்தாலே குரல் வரிசை பூஜ்யம்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

[12:20] எல்லாரும் சிறப்பு தரிசனத்தில் நின்னா?

டிரஸ்ட்டைச் சரிபண்ணினதும் குரல் தெளிவாச்சு. விஷயம் பரவிடுச்சு. உடனே ஒவ்வொருத்தரா வந்தாங்க. "பில்லிங்குக்கும் அந்த முன்னுரிமையைப் போட்டுடுங்க." "சிசிடிவி முக்கியம் சார், அதையும்."

கோயிலில் சிறப்பு தரிசன வரிசை வேகமா நகருதுன்னா, அதுக்கு ஒரே காரணம், அதில் கொஞ்சம் பேர்தான் நிக்கிறாங்க. எல்லாருக்கும் அந்த டிக்கெட்டைக் கொடுத்துட்டா, அதுவே பொது வரிசை ஆயிடும். நிஜமான பொது வரிசை நகரவே நகராது.

ஸ்விட்சிலும் அதே கதைதான். கறாரான முன்னுரிமை வரிசைன்னா, அதில் ஒரு பாக்கெட் இருக்கிற வரைக்கும் மத்த வரிசைப் பக்கம் ஸ்விட்ச் திரும்பிக்கூடப் பாக்காது. பதினாறு கேமரா, ஒவ்வொண்ணும் நாலு மெகாபிட்னு வெச்சுக்குங்க. மொத்தம் 64. அதை முன்னுரிமை வரிசையில் போட்டா 100இல் 64 அங்கேயே போச்சு. குரலும் கேமராவுக்குப் பின்னாடி நிக்கணும். இன்னொரு முறை எடை வரிசை. உனக்கு ஐம்பது பங்கு, உனக்கு முப்பது, உனக்கு இருபதுன்னு பிரிக்கிறது. யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க. ஒருத்தர் தன் பங்கை எடுக்கலைன்னா மத்தவங்க எடுத்துக்கலாம். அதனால மத்த வரிசைகள் காலியா இருக்கும்போது இருபது பங்கு உள்ள ஸ்கேனுக்கும் கிட்டத்தட்ட முழு லிங்கும் கிடைக்கும்.

யாருக்கு எந்த வரிசைன்னு நான் ஒரு அறையில் தனியா உக்காந்து முடிவு பண்ண முடியாதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நர்ஸ், ஸ்கேன் டெக்னீஷியன், பில்லிங் கவுண்டரில் இருக்கிறவர், மூணு பேரையும் கேன்டீனில் உக்கார வெச்சேன். "எது முக்கியம்?"னு கேட்டா எல்லாரும் தன்னுடையதுன்னுதான் சொல்வாங்க. அதனால கேள்வியை மாத்தினேன்: "உங்களுடையதில் எது காத்திருக்கலாம்? எவ்வளவு நேரம்?"

ஸ்கேன் டெக்னீஷியன் சிரிச்சார். "சார், படம் 40 விநாடியில் போனா என்ன, 50 விநாடியில் போனா என்ன? ரிப்போர்ட் எழுதவே நேரம் ஆகும்." பில்லிங்காரர், "ரெண்டு விநாடி பரவாயில்ல, பத்து விநாடி ஆனா க்யூவில் சண்டை வரும்" என்றார். நர்ஸ் சொன்னாங்க, "எனக்கு காத்திருக்கலாம்னு ஒண்ணும் இல்ல சார். வார்த்தை வரணும், இல்லன்னா வரலன்னு தெரியணும். பாதி வர்றதுதான் ஆபத்து."

அதுதான் எங்க டிசைன். ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதிக்கிட்டேன்.

[15:30] செஞ்ச வேலை, வரிசைப்படி

ஸ்விட்ச் எந்த பிராண்டா இருந்தாலும் இந்த வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை, போன்களுக்குத் தனி வி-லேன். எல்எல்டிபி-மெட் என்ற நெறிமுறை மூலமா எந்த வி-லேன், எந்த டிஎஸ்சிபின்னு ஸ்விட்சே போனுக்குச் சொல்லிடும். ஒவ்வொரு போனா போய் அமைக்க வேண்டாம்.

ரெண்டாவது, வாசலில் அடையாளம். போன் போர்ட்டில் 46-ஐ நம்பு. ஆனா ஒரு போனுக்கு 128 கிலோபிட்டுக்கு மேல 46 வந்தா மிச்சத்தை வெட்டிடு. ஒரு கால் அதைத் தாண்டாது. தாண்டினா அது கால் இல்ல. ஸ்கேன் மெஷினின் போர்ட்டில் வர்றதுக்கு எல்லாம் ஸ்விட்சே 10னு அடையாளம் போடட்டும். நிறைய அளவு, அவசரம் இல்ல என்பதற்கான மதிப்பு அது. பில்லிங், லேப் மென்பொருளை சர்வர் முகவரியை வெச்சு அடையாளம் கண்டு 18 போட்டேன். மத்த எல்லாம் 0.

மூணாவது, வெளியேறுற போர்ட்டில் வரிசைகள். இதை மறந்துடாதீங்க: வரிசை நிக்கிறது லிங்குக்குள்ள பாக்கெட் வெளியேறுற இடத்தில். அதனால ரெண்டு கட்டடத்திலும், ரெண்டு ஸ்விட்சின் லிங்க் போர்ட்டிலும் செய்யணும். 46க்குக் கறார் முன்னுரிமை. மிச்ச மூணு வரிசைக்கு எடை: பில்லிங், லேப் 50, சாதாரணம் 30, ஸ்கேனும் பேக்கப்பும் 20. சிசிடிவி சாதாரணத்தில்.

நாலாவது, சோதனை. காலியான நெட்வொர்க்கில் சோதிச்சா எல்லாமே பாஸ்தான். லிங்கை வேணும்னே நிரப்பணும். டெக்னீஷியன் ஒரு பழைய ஸ்கேனை சர்வருக்கு அனுப்ப, நான் டாக்டர் அறையில் இருந்து வார்டுக்குப் போன் பண்ணி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நூறு வரைக்கும் எண்ணினேன். நர்ஸ் கூடவே எழுதிக்கிட்டாங்க. ஒரு எண் விடல. அப்புறம் கவுண்டரைப் பாத்தேன். குரல் வரிசையில் இழப்பு பூஜ்யம். ஸ்கேன் வரிசையில் நூத்துக்கணக்கில் விழுந்திருந்தது.

சிவப்பில் அந்த எண்ணைப் பாத்து பயப்படாதீங்க. அதுதான் வேணும். இடம் பத்தாத லிங்கில் ஏதாவது விழுந்தே தீரும். திரும்ப அனுப்பத் தெரிஞ்சவன்கிட்ட விழட்டும்.

இதுக்கு ஸ்கேன் கொடுத்த விலை என்ன? பத்து கால் போனா லிங்கில் ஒரு சதவீதம். 40 விநாடி ஸ்கேனுக்கு அரை விநாடிகூட இல்ல.

[18:10] உங்க ஆபீஸில்

கடைசியா, மருத்துவமனையில் வேலை பாக்காத உங்களுக்கு. ஆபீஸ் மீட்டிங் உடையுதுன்னா இதே கேள்விகள்தான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் ஆடியோவுக்கு 50000 முதல் 50019 வரை போர்ட், 46 அடையாளம். வீடியோவுக்கு 50020 முதல் 50039, அடையாளம் 34. இது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. அட்மின் அதை அமைச்சுக் கொடுக்கணும், தானா வராது.

ஆனா இந்த அடையாளம் எல்லாம் உங்க வாசல் வரைக்கும்தான். சாதாரண இன்டர்நெட் இணைப்பில் அதை மதிப்பாங்கன்னு எதிர்பாக்க முடியாது. வீட்டில் வரிசை நிக்கிற இடமும் பெரும்பாலும் ஸ்விட்ச் இல்ல, மோடம். 20 மெகாபிட் அப்லோடும் ஒரு மெகாபைட் பஃபரும் இருந்தா, யாராவது போட்டோ பேக்கப் போடும்போது உங்க குரல் 400 மில்லிவிநாடி காத்திருக்கும். அங்கே ரூட்டரில் அப்லோடு வேகத்தை நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் குறைச்சு வெச்சு, எஸ்க்யூஎம் அல்லது எஃப்க்யூ-கோடெல்னு ஒரு அமைப்பு இருந்தா ஆன் பண்ணுங்க. வரிசை உங்க கட்டுப்பாட்டுக்கு வரும். அதைப் பத்தி ஒரு தனி எபிசோட் பண்ணலாம்.

[19:40] முடிக்கும் முன்

சில மாசம் கழிச்சு அந்த லிங்கும் ஜிகாபிட் ஆச்சு. அமைப்பை நான் எடுக்கல. இன்னைக்கும் ஸ்கேன் வரிசையில் அப்பப்போ நாலு பாக்கெட் விழும், குரலில் விழாது.

அந்த நர்ஸ்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். மூணு வாரம் அவங்க சொன்னது சரி, நான் பாத்த கிராஃப்தான் பத்தல. "பரவாயில்ல சார், இப்போ கேக்குதுல்ல" என்றாங்க. அப்பவே ஒரு போன் வந்தது. எடுத்துப் பேசினாங்க. டாக்டர் சொன்ன அளவை ஒவ்வொரு எழுத்தா திரும்பச் சொல்லி, அவர் ஆமான்னு சொன்ன பிறகுதான் எழுதினாங்க.

லைன் தெளிவாத்தான் இருந்தது. அப்பவும் அவங்க அந்தப் பழக்கத்தை விடல. விடவும் கூடாது.

அடுத்த எபிசோடில் பாக்கலாம்.